கவலை தலைக்குள் இடம் பிடித்தால் கவனம் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரநாள்களில் சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். ஓரிடத்தில் "மேடம்", இன்னோரிடத்தில் "அக்கா". ஆனால் இரண்டு இடத்திலும் வந்து விழும் சந்தேகங்கள் ஒன்றுதான்: மனசு ஏன் ஒன்றில் நிற்கமாட்டேன் என்கிறது? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளைப் படிப்பதும், படித்ததை நம்மவர்களுக்குப் புரியும்படி சொல்வதும் பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி.

1. "கவனம்னா என்ன மேடம்? மனசை ஒருநிலைப்படுத்துறதுதானே?"

அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரும் ஆயிரத்தில் எது இப்போது வேண்டும் என்று பொறுக்கி எடுப்பது ஒன்று. எடுத்ததைக் கீழே போடாமல், வேலை முடியும்வரை பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. பிடித்து வைத்திருக்கும் அந்த இடத்தைச் செயல்நினைவு என்கிறார்கள். அது மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏழு சங்கதிகள் அடங்கும், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்கு அளவில்தான் என்று 2001இல் நெல்சன் கோவன் அதைச் சுருக்கினார்.

இதை நீங்களே சோதிக்கலாம். சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணில் 8 இலக்கம். யாராவது எண்ணைச் சொன்னால் நான்கு நான்காக உடைத்துத்தான் மனசுக்குள் முணுமுணுக்கிறோம். முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் "மணி என்ன?" என்று கேட்டால் போதும், பின்பாதி காணாமல் போய்விடும். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடம் இவ்வளவுதான்.

2. "கவலை வேற, வேலை வேறதானே? கவலைப்பட்டா வேலையில கவனம் ஏன் சிதறணும்?"

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கவலையும் ஒரு வேலைதான். அது மனசுக்குள் பேச்சாக ஓடுகிறது: "அம்மாவுக்கு ஆபரேஷன் எப்படி ஆகுமோ", "இந்த மாதம் பணம் அனுப்ப முடியுமோ". கணக்குப் போடவும் படித்ததைப் புரிந்துகொள்ளவும் தேவைப்படும் அதே சிறிய இடத்தில்தான் அந்தப் பேச்சும் நடக்கிறது.

மதிய நேரத்து உணவங்காடியை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உட்காரும் மேசை. இரண்டு நாற்காலிக்கு முன்னால் யாரோ, இடம் பிடித்ததற்கு அடையாளமாக, டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆளைக் காணோம், ஆனாலும் அந்த இடத்தில் நீங்கள் உட்கார முடியாது. கவலை அப்படித்தான் இடம் பிடிக்கிறது. மேசை பாதியாகிவிட்டது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. "நாலு பேர் உட்காரும் மேசைதானே, ஏன் இரண்டு பேருக்குத்தான் சாப்பாடு வைக்கிறாய்?" என்று நம்மைத் திட்டுவார்கள்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கவனத்தை இரண்டு கைகள் இழுக்கின்றன. ஒன்று நம் நோக்கம்: "இந்தப் பத்தியைப் படித்து முடிக்க வேண்டும்." மற்றொன்று வெளியிலிருந்து வந்து இழுப்பது: சத்தம், அசைவு, திடீரென்று மின்னும் திரை. மனம் பதறியிருக்கும்போது முதல் கை தளர்ந்து இரண்டாவது கை ஓங்குகிறது என்று மைக்கேல் ஐசங்க்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2007இல் விளக்கினார்கள். ஆபத்து எங்கே என்று மூளை தேடிக்கொண்டே இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இது கெட்ட பழக்கம் கிடையாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் இதுதான் உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

3. "நான் ஏசி ரூம்ல உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கே, ஏன்?"

தூக்கிய எடையை வைத்து மட்டும் களைப்பை அளக்கக் கூடாது. விமானிகளின் பணிச்சுமையை அளக்க நாசா ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஒரு வினாப்பட்டியல் இன்றுவரை உலகெங்கும் பயன்படுகிறது. அது ஆறு விஷயங்களைக் கேட்கிறது: எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது, உடலுழைப்பு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, எவ்வளவு நன்றாகச் செய்ததாக நினைக்கிறீர்கள், அதற்கு எவ்வளவு முயல வேண்டியிருந்தது, எவ்வளவு எரிச்சலும் பதற்றமும் இருந்தது. ஆறில் உடல் சார்ந்தது ஒன்றே ஒன்று. கடைசிக் கேள்வி எரிச்சலையும் பதற்றத்தையும் சுமைக் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள்.

சம்பளப் பட்டியலில் வராத சுமையும் உண்டு. ஈசூனிலிருந்து வரும் ஒரு தாய் சொன்னார்: "அக்கா, நான் எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டிருக்கேன், ஒண்ணுமே செய்யல. ஆனா மாமியாரோட மாத்திரை தீர்ந்துபோச்சா, சின்னவனோட பள்ளிக்கூடப் பாரத்துல கையெழுத்துப் போட்டேனா, பணிப்பெண் லீவு எப்போன்னு ஓடிக்கிட்டே இருக்கு." வீட்டில் யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை ஒரே ஆள் நினைவில் சுமந்தால் அது முழு வேலை. பெரும்பாலும் அந்த ஆள் பெண்ணாகத்தான் இருக்கிறார் என்பது எனக்கு வருத்தம். "எது வேணும்னு சொல்லு, செய்யறேன்" என்று கணவர் சொல்வது நல்ல மனசுதான். ஆனால் சொல்வதற்காக நினைவில் வைத்திருப்பதும் ஒரு சுமை. மாத்திரைப் பொறுப்பு என்றால் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. "கொஞ்சம் பயம் இருந்தாத்தானே அக்கா பிள்ளை படிப்பான்?"

ஓரளவு உண்மை. மந்தமாக இருக்கும்போதும் வேலை நடக்காது, மிதமிஞ்சிப் பதறும்போதும் நடக்காது. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். வெள்ளைப் பெட்டி எது, கறுப்புப் பெட்டி எது என்று எலி பிரித்தறிய வேண்டும். தவறினால் மின்அதிர்ச்சி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமானபோது, மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. கூட்டினால் கெட்டுப்போயிற்று.

ஆகவே பயம் எந்த வேலைக்கு என்று பாருங்கள். அறையைக் கூட்டு, பையை அடுக்கு என்பதற்குக் கொஞ்சம் அதட்டல் பலிக்கலாம். தொடக்கநிலை ஆறின் கணக்குத் தாளில் மூன்று படி யோசித்துச் செய்யும் கணக்குக்குப் பலிக்காது. அந்த ஆண்டின் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்க நெருங்க வீட்டில் குரல் உயர்கிறது, பாடமும் அதே நேரத்தில்தான் கடினமாகிறது. நாம் கூட்ட வேண்டியதைக் குறைத்து, குறைக்க வேண்டியதைக் கூட்டுகிறோம்.

5. "வீட்டுல எல்லாம் சொல்றான். பரீட்சை ரூம்ல மறந்துபோச்சுங்கிறான். பொய் சொல்றானா?"

பெரும்பாலும் இல்லை. படித்தது தொலைந்துவிடவில்லை. அதை எடுத்து வைத்து வேலை செய்யும் மேசை நிறைந்துவிட்டது (கேள்வி 2). ஒரு சிறுமி எனக்குக் காட்டிய வினாத்தாளில் முதல் கணக்கின் ஓரத்தில் "48" என்று நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்திருந்தாள். 48 சரியான விடைதான். "தப்பாயிருக்குமோன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். அந்தச் சந்தேகக் குரலை அடக்குவதிலேயே கால்மணி நேரம் போயிருந்தது.

பலன் தந்த ஒரு வழி உண்டு. ரமிரெஸ், பெய்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன்பு மாணவர்களை 10 நிமிடம் தங்கள் பயத்தைப் பற்றியே எழுதச் சொன்னார்கள். அதிகம் பதறும் மாணவர்களுக்கு மதிப்பெண் கூடியது. தாளில் இறக்கி வைத்தது தலையில் நிற்கவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு பழைய நோட்டில் எழுதிக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கிப் படிக்காதீர்கள்.

இன்னொன்று, வீட்டில் நேரம் வைத்து, உதவி கேட்காமல், மேசையில் தனியாக உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வருவது வேறு, கடிகாரம் பக்கத்தில் இருக்கும்போது வருவது வேறு.

6. "டென்ஷன் இருக்கத்தான் செய்யுது. ஆனா வேலையச் சரியா முடிச்சிடுறேனே. அப்புறம் என்ன பிரச்சினை?"

கேட்டவர் ஒரு தாதி. அவர் வேலையில் பிழையே இல்லை என்பதை நான் நம்புகிறேன். பதற்றம் விளைவைக் கெடுப்பதற்கு முன்பே, அந்த விளைவுக்கு நாம் கொடுக்கும் விலையைக் கூட்டிவிடுகிறது. ஒருமுறை பார்த்தால் போதும் என்ற மருந்துச் சீட்டை மூன்று முறை பார்க்கிறோம், ஓய்வு நேரத்தையும் போட்டு முடிக்கிறோம். மேலதிகாரி கண்ணுக்கு வேலை பழையபடியே தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும் பேசக்கூடச் சக்தி இருப்பதில்லை.

இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. பிழை தெரிந்தால் யாராவது கவனிப்பார்கள். பிழை தெரியாதவரை யாரும் கேட்பதில்லை. பிறகு ஒருநாள் ஆள் குறைந்து, கூடுதலாக இரண்டு நோயாளிகள் சேரும்போது, ஈடுகட்டக் கையிருப்பு இருக்காது. வேலை முடிந்ததா என்று மட்டும் பார்க்காமல், முடித்தபின் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

7. "காப்பிக்கடை சத்தத்துல நல்லாப் படிக்க வருது, வீட்டு அமைதியில மனசு அலையுது. நான் மட்டும்தான் இப்படியா?"

நீங்கள் மட்டும் இல்லை. பளுவில் இரண்டு வகை இருப்பதாக நில்லி லாவியின் ஆய்வுகள் காட்டின. கண்ணையும் காதையும் முழுமையாகப் பிடித்துக்கொள்ளும் பளு ஒன்று. நுணுக்கமான வெல்டிங், நெரிசலான சாலையில் வண்டி ஓட்டுவது போல. இந்தப் பளு கூடினால் வெளி இடைஞ்சல் உள்ளே நுழையவே இடமிருக்காது, கவனச்சிதறல் குறையும். நினைவில் பலதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பளு இன்னொன்று. இது கூடினால் சிதறல் கூடும். எது வேண்டும், எது வேண்டாம் என்று காவல் காப்பதும் அந்த நினைவின் வேலைதான் என்பதே காரணம்.

வேலை மிகச் சுலபமாக இருந்து, தலைக்குள் கவலை நிறைந்திருந்தால், அதுதான் மோசமான சேர்க்கை. பழகிய பாதையில் வண்டி ஓட்டும்போதும், பாத்திரம் கழுவும்போதும் கவலை பெருகுவது இதனால்தான். அமைதியான வீட்டில் கவலை ஒன்றே சத்தம் போடுகிறது. சீரான இரைச்சல் உங்களுக்கு உதவினால் தாராளமாக அங்கேயே படியுங்கள். பக்கத்து மேசைப் பேச்சு உங்களுக்குப் புரியும் மொழியில் இருந்தால் மட்டும் இடம் மாறி உட்காருங்கள். சொற்கள் சொற்களோடு மோதும்.

8. "கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு மேடம். எப்படிப் பார்க்காம விட்டேன்னே தெரியல."

விபத்து நூலிழையில் தவறிய பிறகு இதைக் கேட்பார்கள். ஒரு தளத்தில் தரைத் திறப்புக்கு மஞ்சள் தடுப்பு வைத்திருந்தார்கள். தம்பி ஒருவர் தடுப்பைத் தன் கையாலேயே நகர்த்தி, பலகையைத் தூக்கிக்கொண்டு, அந்தத் திறப்பின் பக்கமே காலை வைத்தார். கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அன்று விடிகாலை ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. தங்கை திருமணம் நின்றுபோன செய்தி. தடுப்பைத் தொட்ட ஞாபகமே தனக்கு இல்லை என்று அவர் சொன்னபோது சூப்பர்வைசர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

1999இல் சைமன்ஸ், சாப்ரி இருவரும் செய்த சோதனை பிரபலமானது. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்து வந்து, நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. கண் திறந்திருப்பதும் பார்ப்பதும் வேறு வேறு. பதற்றம் கூடும்போது நாம் கவனிக்கும் வட்டமும் சுருங்குகிறது என்று ஈஸ்டர்புரூக் 1959லேயே எழுதினார். நடுவில் உள்ளது தெரியும், ஓரத்தில் உள்ளது மறையும். கட்டுமானத் தளத்தில் ஆபத்து பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் வருகிறது: பின்னால் வரும் லாரி, தலைக்கு மேல் தொங்கும் சுமை, காலடியில் திறப்பு.

9. "ரெண்டு வேலையை ஒண்ணா செய்யறது திறமைதானே?"

நடந்துகொண்டே பேசலாம், ஒன்று தானாக நடக்கும் வேலை. யோசிக்க வேண்டிய இரண்டு வேலைகளை நாம் ஒன்றாகச் செய்வதில்லை, மாற்றி மாற்றித் தாவுகிறோம். ஒவ்வொரு தாவலிலும் முந்தைய வேலையின் ஒரு துண்டு மனசில் ஒட்டிக்கொண்டே வருகிறது. சோஃபி லெராய் 2009இல் இதற்குக் கவன எச்சம் என்று பெயரிட்டார். வேலையைப் பாதியில் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், "எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வரும்போது அந்த வரி கையைப் பிடித்து உட்கார வைக்கும்.

10. "ஏஜென்டுக்குக் கட்டின கடன் இன்னும் இருக்கு. எதுலயும் மனசு போகமாட்டேங்குது. மூளை மழுங்கிப்போச்சா?"

மழுங்கவில்லை. இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் இரண்டு முறை சோதித்தார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது ஒருமுறை. அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒருமுறை. அதே ஆள், அதே மாதிரிச் சோதனை. காசில்லாதபோது யோசிக்கும் திறனும் கவனமும் குறைந்தன, பணம் வந்தபின் கூடின. 2013இல் இந்த முடிவு வெளியானது. சில மாதங்களில் யாருடைய அறிவும் மாறிவிடுவதில்லை. மாறியது தலைச்சுமை.

சிங்கப்பூரிலும் இதையொட்டி ஓர் ஆய்வு நடந்தது, 2019இல் வெளியானது. நெடுநாள் கடனில் இருந்த வருமானம் குறைந்த 196 பேரின் கடனை ஓர் அறநிறுவனம் ஒருமுறை உதவியாக அடைத்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய பதற்றம் குறைந்தது, கவனச் சோதனையில் பிழைகளும் குறைந்தன. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதற்கு அடுத்த முடிவு. அடைபட்ட தொகை ஒன்றாகவே இருந்தாலும், கூடுதலாக ஒரு கடன் கணக்கு மூடப்பட்டவர்களுக்குப் பலன் அதிகம். ஒரு கணக்கு கூடுதலாக மூடப்பட்டால், பதற்ற அறிகுறிகள் இருப்பதற்கான வாய்ப்பு 11 விழுக்காடு குறைந்தது. டிஷ்யூ பொட்டலக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது: தொகை பெரிதோ சிறிதோ, ஒவ்வொரு கடனும் ஒரு நாற்காலியைப் பிடிக்கிறது.

ஆகவே ஐந்து இடத்தில் கடன் இருந்தால், வட்டி அதிகமில்லாத சின்னக் கடன் ஒன்றை முதலில் முழுமையாக முடித்துவிடுவது மனசுக்கு இடம் தரும். கந்துவட்டி இருந்தால் கணக்கு வேறு. அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். எப்படியானாலும் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த தவணைத் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். தொகை மாறாது. ஆனால் நினைவில் சுமக்க வேண்டியது குறையும். உரிமம் இல்லாத வட்டிக்காரர்களிடம் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும் சரி.

11. "எல்லாரும் 'கவலைப்படாதே'ன்னு சொல்றாங்க. எப்படி நிறுத்துறதுன்னு யாரும் சொல்லமாட்டேங்கிறாங்க."

நிறுத்த முயல்வதே தப்பான வழி. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று டேனியல் வெக்னர் 1987இல் மாணவர்களிடம் சொன்னார். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அது வந்து நின்றது. நினைக்கக் கூடாது என்று காவல் காப்பதற்கே அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கவலையைத் துரத்தாமல் அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 20 அல்லது 30 நிமிடம். படுக்கையிலும் வேண்டாம், படுக்கப் போகும் முன்பும் வேண்டாம். பகலில் கவலை தலைகாட்டினால் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு, "ஏழு மணிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி வேலைக்குத் திரும்புங்கள். 1980களிலிருந்து மனநல வல்லுநர்கள் பயன்படுத்தும் முறை இது. முதல் வாரம் சிரமமாக இருக்கும். ஏழு மணிக்கு உட்காரும்போது, குறித்ததில் பாதி அப்போது பெரிதாகத் தெரியாது.

மிச்சம் இருப்பதற்கு எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று எழுதுங்கள். "அம்மா மருத்துவம்" என்று எழுதினால் கவலை. "புதன் இரவு எட்டு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டு டாக்டர் பெயரைக் கேட்கணும்" என்று எழுதினால் திட்டம். முடிக்காமல் கிடக்கும் காரியங்கள் மனசை விடாமல் தொந்தரவு செய்கின்றன. அவற்றுக்குத் தெளிவான திட்டம் போட்டாலே, காரியம் முடியாவிட்டாலும் அந்தத் தொந்தரவு தணிகிறது என்று 2011இல் வெளியான மாசிகாம்போ, பவுமைஸ்டர் ஆய்வு காட்டியது. என் தாயார் மருத்துவமனையில் இருந்த மாதத்தில் வகுப்பில் ஒரே படத்தை இரண்டு முறை காட்டிவிட்டு, மாணவர் ஒருவர் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். அன்றிரவு இதை எனக்கே செய்துகொண்டேன். துக்கம் குறையவில்லை, வகுப்பை நடத்த முடிந்தது.

12. "தூக்கம் வரல்லன்னா கோப்பி குடிச்சுச் சமாளிக்கலாமா?"

கோப்பி தூக்கத்தைத் தள்ளிப்போடும், தூக்கக் கடனை அடைக்காது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரைத் தொடர்ந்து 14 நாள் இரவில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்க விட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனம், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைவிடப் பயம் தருவது, தங்கள் நிலை அவ்வளவு மோசம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்குப் பழகிடுச்சு மேடம்" என்று விடிகாலை லாரி ஏறும் தம்பிகள் சொல்லும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது.

குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி கோப்பி இரவு பதினொன்றுக்கும் பாதி இருக்கிறது. அது நெஞ்சுப் படபடப்பையும் தரும். பதற்றம் உள்ளவர் அந்தப் படபடப்பைப் பயமாகவே எடுத்துக்கொள்வார்.

13. "மூச்சுப்பயிற்சி, தியானம் பண்ணினா சரியாயிடுமா?"

மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது உடலின் படபடப்பைத் தணிக்கும். தேர்வு அறையிலும், சாரம் ஏறும் முன்பும் இரண்டு நிமிடம் செய்யலாம். தியானம் பலருக்கு உதவுகிறது. ஆனால் கவலை உச்சத்தில் இருப்பவரை இருட்டறையில் கண்ணை மூடி உட்கார வைத்தால் முதலில் கூடத்தான் செய்யும் (கேள்வி 7). அவர்களுக்கு நடை நல்லது. எது செய்தாலும், பன்னிரண்டு மணி நேர வேலையையும் தீராக் கடனையும் மூச்சுப்பயிற்சி குறைத்துவிடாது. சுமையைக் குறைக்க வேண்டிய இடத்தில் சுமைதான் குறைய வேண்டும்.

14. "இது கவலையா, ஏடிஎச்டியா, இல்ல மறதி நோய் ஆரம்பிக்குதா?"

சில அடையாளங்கள் உண்டு. ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாட்டு நிலை என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கும், மனசு நிம்மதியாக இருக்கும் நாள்களிலும் இருக்கும். கவலையால் வரும் சிதறல், கவலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் சகஜம். மறதியைப் பொறுத்தவரை, சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுவது பெரும்பாலும் வைக்கும்போதே கவனிக்காததால் வருவது. பழகிய வழி தெரியாமல் திண்டாடுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கு புரியாமல் போவது வேறு. அப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரத்தசோகை, தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சு அடைப்பது, மாதவிடாய் நிற்கும் காலம், சில மருந்துகள் எல்லாமே கவனத்தைக் குலைக்கும். எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டிவிடாதீர்கள். ஓர் இரத்தப் பரிசோதனை எத்தனையோ பேருக்கு விடை தந்திருக்கிறது.

15. "எப்போ டாக்டரைப் பார்க்கணும்? பார்த்தா வேலைக்கு ஆபத்து வருமா?"

கவலை பல வாரங்களாக ஏறக்குறைய தினமும் இருந்து, தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு எதையாவது கெடுத்தால் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். முதலிலேயே மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. பேச்சுவழிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, இரண்டுமே பதற்ற நோய்க்குப் பலன் தருபவை. 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 2025 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸை உடனே அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பு மனநல ஆலோசனை தருகிறது.

வேலை விஷயத்தில், விண்ணப்பப் படிவத்தில் மனநல வரலாற்றைக் கேட்பது பாகுபாடு என்று அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகள் 2020 முதல் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநல நிலையைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் பிரிவுகளில் சேர்த்திருக்கிறது. "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று தயங்கி வருடக்கணக்கில் தனியாகத் துன்பப்பட்ட நம் அக்காமார்களை நான் அறிவேன். தயவுசெய்து தயங்காதீர்கள்.

16. "நான் சூப்பர்வைசர். ஒருத்தன் மனசு சரியில்லன்னு தெரிஞ்சா அன்னைக்கு அவனை மேல ஏத்தலாமா, கூடாதா?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் ஏற்றாமல் இருப்பதற்கு உங்களுக்குத் தயக்கம் இருக்கவே கூடாது. முதலில் எப்படித் தெரிந்துகொள்வது என்று பாருங்கள். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால் "யாருக்காவது பிரச்சினையா?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. வரிசையில் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வாரை மாட்டும்போது பக்கத்தில் நின்று, "ஊர்ல எல்லாம் நல்லாயிருக்காங்களா? ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். கொக்கியை மாட்டும் கையைப் பாருங்கள். வழக்கமாக மாட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர், அன்று இழுக்காமல் நகர்ந்தால் அதுவே தகவல்.

தெரிந்தபின், உயரத்திலோ, பாரந்தூக்கியிலோ, மின்சாரத்திலோ அன்று வேண்டாம். தரையில், இன்னொருவர் துணையோடு செய்யும் வேலை கொடுங்கள். தனியாக மூலையில் விட்டால் கவலை பெருகும். ஒரே நேரத்தில் நான்கு கட்டளை சொல்லாதீர்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது. சரிபார்ப்புப் பட்டியலைச் சத்தமாக வாசித்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நினைவில் இடம் குறைந்திருக்கும் ஆளுக்குத் தாளும் குரலும் கைகொடுக்கும். திட்ட வேண்டாம், வாங்கிய திட்டும்கூட அந்தச் சிறிய மேசையில் ஒரு நாற்காலியைப் பிடிக்கும்.

ஊருக்குப் பேச வேண்டியிருந்தால் மதியம் வரை காக்க வைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். அவருடைய ஓவர்டைம் நேரத்தில் கை வைக்காதீர்கள். மனசு சரியில்லை என்று சொன்னவருக்கு அந்த வாரச் சம்பளம் குறைந்தால், அடுத்தமுறை அவர் சொல்லமாட்டார், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சொல்லமாட்டார்கள்.